பத்து விநாடி ஆசீரும் 1883 ஆம் ஆண்டுச் சட்டமும்

புனித லூசியாளின் திருநாள் டிசம்பர் 13. கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவர் பெயரிலுள்ள பேராலயத்தில் அந்தத் திருநாள் முடிந்து ஐந்தாம் நாள், 2023 டிசம்பர் 18 அன்று, ரோமிலிருந்து ஓர் ஆவணம் வெளியானது. நத்தாருக்கு இன்னும் ஒரு கிழமை. கொட்டாஞ்சேனை வீடுகளில் கேக்குக்கு ரவை வறுபட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கைத்தொலைபேசிகளில் ஒரு செய்தி ஓடியது: பாப்பரசர் ஆணுக்கும் ஆணுக்கும் கலியாணம் கட்டிவைக்கச் சொல்லிவிட்டாராம்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆவணத்தின் பெயர் 'ஃபிதூசியா சுப்ளிக்கான்ஸ்'. விசுவாசக் கோட்பாட்டுக்கான திருப்பீடத் துறையின் தலைவர் கர்தினால் விக்தர் மனுவேல் பெர்னாண்டஸ் எழுதி, திருத்தந்தை பிரான்சிஸ் ஒப்பமிட்டது. திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது என்பதை அது எழுத்துப் பிசகாமல் திரும்பச் சொல்கிறது. அதன்பின், ஒரே பாலைச் சேர்ந்த இருவர் ஒரு குருவானவரிடம் வந்து தங்களுக்காகச் செபிக்கக் கேட்டால், சடங்கு ஏதுமின்றி, திருமணத்தின் சாயலும் இல்லாமல், அவர்களை ஆசீர்வதிக்கலாம் என்கிறது. ஆபிரிக்க ஆயர்களிடமிருந்து எதிர்ப்புக் கிளம்பியதும், 2024 ஜனவரி 4 அன்று அதே துறை ஒரு விளக்கம் கொடுத்தது. ஆசீர் பத்துப் பதினைந்து விநாடிக்குள் முடிந்துவிடக் கூடியது. பீடத்தின் முன் நின்று கொடுப்பதன்று.

பத்து விநாடி ஆசீர் நம் தெருக்களுக்கு வந்து சேர்வதற்குள் கலியாணமாகிவிட்டது. கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. இந்தக் காரியத்தில் நம்மவர் ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு கேள்விக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வது இது முதல் தடவை அல்ல. உண்மையில் இங்கே மூன்று கேள்விகள் இருக்கின்றன. தன்பாலுறவு நாட்டுச் சட்டத்தின்படி குற்றமாக இருக்க வேண்டுமா? அது சமயத்தின்படி பாவமா? தன்பாலீர்ப்பு உடைய ஒருவர் குருவாக முடியுமா? மூன்றுக்கும் திருச்சபைகள் கொடுக்கும் பதில்கள் வேறுவேறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழைத்ததன் விளைவு என்னவென்றால், கத்தோலிக்கரான நாம் நம்முடைய திருச்சபையே கைவிட்ட ஒரு வெள்ளைக்காரச் சட்டத்துக்குக் காவல் நிற்கிறோம்.

முதலில் அந்தச் சட்டம். 1883 என்றால் கொட்டாஞ்சேனைக்கு ஒரு நினைவு உண்டு. அந்த ஆண்டு மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு அன்று, தீபதுத்தாராமய விகாரைக்கு வந்த பௌத்த ஊர்வலத்துக்கும் இங்கிருந்த கத்தோலிக்கருக்கும் இடையே கலவரம் மூண்டது. அதே ஆண்டில்தான் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை, 1883 இன் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக வந்தது. மெக்காலே இந்தியாவுக்காக வரைந்து 1860 இல் நிறைவேறிய சட்டத்தின் தம்பி அது. அங்கே 377 ஆவது பிரிவு. இங்கே 365, 365ஏ. முதலாவது 'இயற்கையின் ஒழுங்குக்கு மாறான' உறவுக்குப் பத்தாண்டு வரை சிறை என்கிறது. இரண்டாவது 'பாரதூரமான ஒழுக்கக்கேடு' என்ற, என்னவென்று வரையறுக்கப்படாத செயலுக்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. இந்த இரண்டு பிரிவுகளும் நம் பாட்டன்மார் சபையில் கூடி எடுத்த முடிவு அல்ல. விக்டோரியா மகாராணியின் காலத்து அதிகாரிகள் தங்கள் நாட்டுக் கூச்சத்தைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியது.

1995 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்புத் தரும் பல நல்ல மாற்றங்கள் அதில் இருந்தன. ஆனால் 365ஏயில் 'ஆண்' என்றிருந்த இடத்தில் 'ஆள்' என்று எழுதினார்கள். சமத்துவம் கொண்டுவரப் போய், அதுவரை சட்டம் கண்டுகொள்ளாத பெண்களையும் குற்றவாளிகளாக்கி வைத்தார்கள். சட்டம் எழுதும் கை சில வேளை இப்படித்தான் வழுக்குகிறது.

நடைமுறையில் யாரையும் பிடிப்பதில்லையே என்பார்கள். நமக்குப் பக்கத்து மருதானையில் 2003 இல் பொலிஸார் இரண்டு ஆண்களைப் பிடித்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2016 நவம்பரில்தான் முடிந்தது. பதின்மூன்று ஆண்டுகள். வயது வந்தவர்கள் விருப்பத்தோடு கொள்ளும் உறவைக் குற்றமாக்கக் கூடாது என்பதே இக்காலச் சிந்தனை என்று குறிப்பிட்ட நீதியரசர்கள், சட்டம் இருக்கும்வரை தீர்ப்பு அதன்படியே அமைய வேண்டும் என்று சொல்லி, ஓராண்டுச் சிறையை ஒத்திவைத்த தண்டனையாக மாற்றினார்கள். வழக்கே போடாவிட்டாலும், வழக்குப் போட முடியும் என்ற ஒன்றே போதும். பயமுறுத்திக் காசு பறிக்கிறவனுக்கு அந்தப் பிரிவின் இலக்கம் தெரிந்தால் காணும். கைதானவர்கள் மீது இழிவான உடற்பரிசோதனைகள் கட்டாயமாக நடத்தப்பட்டதை 2020 இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளிக்கொண்டுவந்தது.

2022 இல் பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த இந்தப் பிரிவுகளைத் திருத்தத் தனிநபர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை எதிர்த்து மனுக்கள் தாக்கலாயின. சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல, சாதாரண பெரும்பான்மையே போதும் என்ற உயர் நீதிமன்றத் தீர்மானத்தைச் சபாநாயகர் 2023 மே 9 அன்று சபையில் அறிவித்தார். அதன் பிறகும் வாக்கெடுப்பு நடக்கவில்லை. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது சட்டமூலமும் அதோடு போயிற்று.

இப்போது, திருச்சபை இந்த முதற் கேள்விக்கு என்ன சொல்கிறது? பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். பிரித்தானியாவில் இந்தச் சட்டத்தை மாற்றுவது பற்றி வுல்ஃபென்டன் குழு விசாரித்தபோது, வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர் கர்தினால் கிரிஃபின் அமைத்த கத்தோலிக்க ஆலோசனைக் குழு, வயது வந்தோர் தனிமையில் செய்வதைச் சட்டம் தண்டிக்கத் தேவையில்லை என்று 1956 இலேயே சொன்னது. அங்கிலிக்கன் சபையின் கன்டபரி பேராயர் மைக்கேல் ராம்சே 1965 இல் பிரபுக்கள் சபையில் எழுந்து மாற்றத்தை ஆதரித்தார். அந்தச் செயல்கள் பாவம் என்று அவர் நம்பினார். அதைச் சொல்லவும் செய்தார். பாவம் எல்லாவற்றையும் குற்றமாக்க வேண்டியதில்லை என்பதே அவருடைய வாதம். 1967 இல் இங்கிலாந்தும் வேல்ஸும் சட்டத்தை மாற்றின. நமக்கு 1948 இலேயே சுதந்திரம் கிடைத்துவிட்டது. ஆகவே அவர்கள் வீசிய பழைய சட்டை நம் உடம்பிலேயே தங்கிவிட்டது.

2008 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் பரிசுத்த பீடத்தின் பிரதிநிதி, தன்பாலீர்ப்பு உடையவர்களுக்கு எதிரான குற்றவியல் தண்டனைகளை நாடுகள் நீக்க வேண்டும் என்று கேட்டார். அப்போது திருத்தந்தையாக இருந்தவர் பதினாறாம் பெனடிக்ட். இந்த விடயத்தில் அவரை யாரும் விட்டுக்கொடுப்பவர் என்று சொல்ல மாட்டார்கள். 2013 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் 377 ஆவது பிரிவுக்கு மறுபடி உயிர் கொடுத்தபோது மும்பைப் பேராயர் கர்தினால் ஒஸ்வால்ட் கிராசியாஸ், தன்பாலீர்ப்பு உடையவர்களைக் குற்றவாளிகளாகத் திருச்சபை ஒருபோதும் கருதியதில்லை என்றார். அதே வழக்கில் அப்போஸ்தலிக்க சபைகளின் கூட்டமைப்பு ஒன்று சட்டம் இருக்க வேண்டும் என்று வாதாடியதையும் சொல்லத்தான் வேண்டும்; கிறிஸ்தவர் எல்லாரும் ஒரு குரலில் பேசியதில்லை. 2018 செப்டெம்பர் 6 அன்று அதே நீதிமன்றம், விருப்பத்தோடு உறவு கொள்ளும் வயது வந்தோருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் பிரான்சிஸ் ஒரு செய்தி நிறுவனத்திடம் பேசும்போது, தன்பாலீர்ப்பு உடையவராக இருப்பது குற்றமல்ல என்றார். அத்தகைய சட்டங்களை ஆதரிக்கும் ஆயர்கள் மனமாற்றத்தின் வழியே நடக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

பாவத்தையும் குற்றத்தையும் பிரிப்பது ஏதோ மேலைநாட்டுத் தந்திரம் என்று நினைப்பவர்கள் பத்துக் கட்டளைகளை எடுத்துப் பார்க்கலாம். விபசாரம் செய்யாதே என்பது கட்டளை. கணவனோ மனைவியோ துரோகம் செய்தால் இலங்கையில் விவாகரத்து வழக்குப் போடலாம். பொலிஸில் பிடித்துக் கொடுக்க முடியாது. அதற்குச் சட்டம் வேண்டும் என்று எந்தப் பங்கிலும் மறையுரை கேட்டதில்லை. தன்பாலுறவுக்கு மரண தண்டனை சொல்லும் லேவியராகமம் 20 ஆம் அதிகாரமே, தாய் தகப்பனைச் சபிக்கிறவனுக்கும் விபசாரக்காரனுக்கும் அதே தண்டனையைச் சொல்கிறது. மூன்றில் ஒன்றை மட்டும் பிய்த்துச் சட்டப் புத்தகத்தில் ஒட்டுவது வேதத்துக்குக் கீழ்ப்படிவதாகாது.

இரண்டாம் கேள்வி பாவம். இங்கே நான் மழுப்பப் போவதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை தெளிவானது. 1992 இல் வெளியான மறைக்கல்வி நூல் 2357 முதல் 2359 வரையான பத்திகளில் இதைப் பேசுகிறது. தன்பாலுறவுச் செயல்கள் ஒழுங்குக்கு மாறானவை, அவற்றை ஏற்க முடியாது. ஈர்ப்பும் உள்ளபடியே ஒழுங்கு தவறிய நாட்டம் என்றே எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சொல் பலரைப் புண்படுத்தியிருக்கிறது. ஆனாலும் ஈர்ப்பு இருப்பது பாவம் என்று அந்நூல் சொல்லவில்லை. அந்த ஈர்ப்பு உடையவர்களை மதிப்போடும் இரக்கத்தோடும் நுண்ணுணர்வோடும் ஏற்க வேண்டும், அநீதியான பாகுபாட்டின் எந்த அடையாளமும் கூடாது என்றும் அதே இடத்தில் இருக்கிறது. நம் பங்குகளில் முதற் பாதியை அடிக்கடி கேட்டிருக்கிறோம்.

ஈர்ப்பு வேறு, செயல் வேறு என்ற இந்தப் பிரிவு தமிழில் பிடிபடாமற் போனதற்கு ஒரு சொல்லும் காரணம். பத்திரிகைகள் நெடுங்காலமாக 'ஓரினச்சேர்க்கை' என்று எழுதிவந்தன. அந்தச் சொல்லுக்குள்ளேயே செயல் இருக்கிறது. யாரையும் தொட்டறியாத பதினேழு வயதுப் பிள்ளை, தனக்குள் எழுவது என்னவென்று தெரியாமல் தவிக்கும்போது, அவனுக்குக் கிடைக்கிற ஒரே பெயர் அவன் செய்யாத ஒரு காரியத்தின் பெயர். 'தன்பாலீர்ப்பு' என்ற பிற்காலச் சொல் இந்த வகையில் திருச்சபையின் போதனைக்கே நெருக்கமானது. அதைப் பயன்படுத்தினால் ஏதோ கட்சி மாறிவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்புக்குள் போனால் இன்னும் சுவாரசியம். ஜெப வீடுகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய தமிழ் வேதாகமத்தை எடுத்து, 1 கொரிந்தியர் 6 ஆம் அதிகாரத்தில் பவுல் தரும் பாவிகளின் பட்டியலைப் பாருங்கள். 'மலக்கோய்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'மென்மையானவர்கள்' என்பது நேர்ப்பொருள். ஆங்கிலத்தில் பழைய மொழிபெயர்ப்பாளர் அதைப் பெண்தன்மை கொண்டவர் என்று எடுத்தார்கள். தமிழில் 'சுயபுணர்ச்சிக்காரர்' என்று வந்தது. ஒரே சொல், மூன்று வேறு ஆட்கள்! அடுத்த சொல் 'அர்செனொகொய்ட்டாய்'. ஆண், படுக்கை என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. பவுலுக்கு முன் அதை எவரும் எழுதியதாகத் தெரியவில்லை. லேவியராகமத்தின் கிரேக்க வடிவத்திலிருந்து பவுல் அமைத்த சொல் அது, ஆகவே ஆணோடு ஆண் கொள்ளும் உறவு முழுவதையும் குறிக்கும் என்பது ஒரு சாரார் கருத்து. அந்தக் காலத்து அடிமைச் சிறுவர்களையும் விலைப்பட்டவர்களையும் பயன்படுத்தியதையே அது குறிக்கும் என்பது மற்றவர் கருத்து. 'ஹோமோசெக்ஷுவல்' என்ற சொல்லே 1860களின் இறுதியில் ஜெர்மன் மொழியில் பிறந்தது. ஆங்கில விவிலியத்துக்குள் அது நுழைந்தது 1946 இல். சோதோமின் பாவம் எது என்று கேட்டால் எல்லாரும் ஒரே விடை சொல்வார்கள். எசேக்கியேல் 16:49 சொல்லும் விடை வேறு: செருக்கு, வயிறு நிறைந்த வாழ்வு, ஏழையின் கையைப் பிடித்துத் தூக்காமை.

இதனால் பழைய போதனை தானாகவே பொய்த்துவிடாது. உரோமர் முதலாம் அதிகாரத்தைத் தாண்டிப் போவது எளிதல்ல என்று இரு தரப்பு அறிஞர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். 'வேதத்தில் தெளிவாக இருக்கிறது' என்று மேசையைத் தட்டுகிறவர், எந்த மொழிபெயர்ப்பில் என்ற கேள்வியையும் தாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

சில ஜெபக்கூட்டங்களில் இந்த ஈர்ப்பை ஆவி என்று கட்டி, உபவாசம் போட்டு விரட்டுகிறார்கள். பெற்றோர் நம்பிக்கையோடுதான் பிள்ளையைக் கூட்டிப்போகிறார்கள். ஈர்ப்பை மாற்றித் தருவதாகச் சொல்லி 1976 இல் அமெரிக்காவில் தொடங்கிய 'எக்ஸோடஸ் இன்டர்நஷனல்' என்ற கிறிஸ்தவ இயக்கம் முப்பத்தேழு ஆண்டுகளின் பின் 2013 இல் கதவை மூடியது. மூடும்போது அதன் தலைவர் அலன் சேம்பர்ஸ், தங்களால் காயப்பட்டவர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

மூன்றாம் கேள்வி குருத்துவம். 'ஃபாதர் அப்படியாமே' என்ற கிசுகிசுப்பு எந்த ஊருக்கும் புதிதல்ல. ஆனால் கத்தோலிக்கக் குரு மணத்துறவு ஏற்றவர். பெண்மீது ஈர்ப்புள்ள குருவும் அதைச் செயலாக்கக் கூடாது. ஆண்மீது ஈர்ப்புள்ளவரும் கூடாது. இருவரும் வாக்கைக் காத்தால், வெளியே நிற்கும் நமக்கு வித்தியாசமே தெரியாது. அப்படியிருந்தும் ரோமாபுரி 2005 நவம்பரில் ஓர் அறிவுறுத்தலை வெளியிட்டது. தன்பாலுறவில் ஈடுபடுகிறவர்கள், ஆழமாக வேரூன்றிய ஈர்ப்பு உள்ளவர்கள், அந்தப் பண்பாட்டை ஆதரிக்கிறவர்கள் ஆகியோரைக் குருமடத்தில் சேர்க்கக் கூடாது. தற்காலிகமான நாட்டம் என்றால், திருத்தொண்டர் பட்டத்துக்கு மூன்று ஆண்டுக்கு முன்னாவது அது நீங்கியிருக்க வேண்டும். 2016 இல் இது மறுபடி உறுதிசெய்யப்பட்டது. அம்பிட்டியவிலும் கொழும்புத்துறையிலும் உள்ள நம் குருமடங்களுக்கும் இதுவே விதி.

விதி என்பதால் அதை மதிக்கலாம். ஆனால் அதன் இடறலையும் பார்க்க வேண்டும். 'ஆழமாக வேரூன்றியது' எது என்று அளக்கக் கோல் இல்லை. உண்மையைச் சொன்னவன் வெளியே, மறைத்தவன் உள்ளே என்ற நிலையை அது உண்டாக்கிவிடுகிறது. இத்தாலிய ஆயர்கள் 2025 ஜனவரியில் வெளியிட்ட குருமட வழிகாட்டி, பழைய விதியை வைத்துக்கொண்டே, ஒருவருடைய ஈர்ப்பை மட்டும் தனியே பிரித்துப் பார்க்காமல் முழு ஆளுமையோடு சேர்த்து எடைபோடச் சொல்கிறது. மணத்துறவை மனமார வாழ முடியுமா என்பதே அங்கே அளவுகோல். எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

இந்த இடத்தில் ஒரு பழியைத் துடைத்துவிட வேண்டும். குருக்கள் சிலர் பிள்ளைகளைச் சீரழித்த செய்தி வரும்போதெல்லாம் தன்பாலீர்ப்பின் மீது அந்தப் பாரத்தை இறக்கிவிடுகிறோம். அமெரிக்க ஆயர்களே பணித்து, ஜோன் ஜே கல்லூரி ஆய்வாளர்கள் 2011 இல் கொடுத்த அறிக்கை, தன்பாலீர்ப்புள்ள குருக்கள் பிள்ளைகளைத் துஷ்பிரயோகம் செய்யும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதற்கு ஆதாரமில்லை என்றது. பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகத்துக்கு நம் சட்டக்கோவையில் 365பி என்ற தனிப்பிரிவு இருக்கிறது; பாதிக்கப்பட்டவர் பிள்ளையானால் அதில் தண்டனை கூடும். இரண்டையும் கலந்தால் தப்பிப்பவன் உண்மையான குற்றவாளி.

அங்கிலிக்கன் அயலவர்களின் நிலைமை வேறு. இலங்கைத் திருச்சபையின் கொழும்பு, குருநாகல் மறைமாவட்டங்கள் இரண்டும் எந்த மாகாணத்திலும் சேராமல் நேரே கன்டபரி பேராயரின் கீழ் வருபவை. 1998 இல் லாம்பெத் மாநாடு, தன்பாலுறவு வேதத்துக்கு ஒவ்வாது என்று 526க்கு 70 என்ற வாக்கில் தீர்மானித்தது. தன்பாலீர்ப்பு உடையவர்களின் அனுபவத்தைக் கேட்கவும் அதே தீர்மானம் சபைகளைக் கடப்படுத்தியது. 2003 இல் அமெரிக்காவில் வெளிப்படையாகத் தன்பாலீர்ப்புள்ள ஜீன் ராபின்சன் ஆயரானதும் விரிசல் பெருத்தது. 2025 இல் வேல்ஸ் சபை, பெண் துணையோடு வாழும் செரி வான் அவர்களைப் பேராயராகத் தெரிந்தது. ஜிந்துப்பிட்டியில் ஆராதனைக்குப் போகும் தமிழ்க் குடும்பத்துக்கு இவை தூரத்துச் செய்திகள் போலத் தோன்றும். ஆனால் அவர்களுடைய சபையின் தலைமைக் கதிரை இந்தப் புயலுக்கு நடுவில்தான் கிடக்கிறது. பிரித்தானிய மெதடிஸ்த சபை 2021 இல் ஒரே பாலினத் திருமணத்தை 254க்கு 46 என ஏற்றது. 1964 இலிருந்து தன்னாட்சியுள்ள இலங்கை மெதடிஸ்த சபையை அது கட்டுப்படுத்தாது.

மறுபடி நம் நாட்டுக்கு வருவோம். 2025 செப்டெம்பரில், தன்பாலீர்ப்பு உடைய சுற்றுலாப் பயணிகளை வரவேற்கும் முயற்சி ஒன்றுக்குச் சுற்றுலா அதிகார சபை ஆதரவுக் கடிதம் கொடுத்தது பெரும் வாதமானது. கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் அதைக் கண்டித்தார். திருமணம் பற்றியும் ஒழுக்கம் பற்றியும் போதிப்பது அவருடைய கடமை. அதில் யாரும் குறை காண முடியாது. 365ஏ இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பது அதிலிருந்து தானாக முளைக்கும் பதிலல்ல. அது முதற் கேள்வி. அதற்கு ரோமாபுரி ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது.

ஆகவே இலங்கைக் கத்தோலிக்க ஆயர் பேரவையிடம் ஒரு வேண்டுகோள். புதிதாக எதுவும் எழுத வேண்டாம். போதனையில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம். 2008 இல் பரிசுத்த பீடம் ஐக்கிய நாடுகள் சபையில் சொன்னதை ஒரு பக்கத்தில் சிங்களத்திலும் தமிழிலும் பெயர்த்து, மறைக்கல்வி நூலின் 2358 ஆம் பத்தியையும் அதன் கீழே சேர்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பங்குகளிலும் வாசிக்கச் செய்யுங்கள். லூசியாள் பேராலயத்தின் தமிழ்த் திருப்பலியில் அதைக் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். சில வாங்குகளில் அந்தப் பிள்ளைகளும், அவர்களுக்குப் பக்கத்தில் ஒன்றும் அறியாத பெற்றோரும் இருப்பார்கள்.